அறுந்துச்சி, நிறுத்துபா!

1

இந்தக் கதையை நான் திருடினேன். ஆரணி பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில், முருகேசன் என்ற விசைத்தறிக்காரர் தன் வலது கையைத் தானே அதட்டிக்கொண்டிருந்தார்.

"உன்ன எவன் கேட்டான்? சொல்லு, எவன் கேட்டான்?"

ஒரு மனிதர் தன் கையோடு சண்டை போட்டால் எழுத்தாளன் சும்மா இருப்பானா? அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். கதை என் பைக்குள் வந்துவிட்டது, முடிவு மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

நான் ஓய்வுபெற்ற டைம்கீப்பர். வந்தவாசி வண்டி, சேத்துப்பட்டு வண்டி என்று மைக்கில் கூவியே முடி நரைத்தவன். என் குரலைத் தெரியாதவர் இந்த மாவட்டத்திலேயே இல்லை. முகத்தைத் தெரிந்தவர் என் மனைவி பரிமளா மட்டும். (மிகை. பால்காரருக்கும் தெரியும்.)

2

முதல் தொடக்கம்: "பட்டு நகரமாம் ஆரணியில், இளங்கதிர் பொன்னிழைகளை நெய்துகொண்டிருக்க—" 

அடித்துவிட்டேன். இளங்கதிரை எவன் பார்த்தான்? அதற்குள் தறி ஓடத் தொடங்கிவிடும்.

இரண்டாவது: "காவ்யாவின் விழியோரம் ஒரு துளி—"

இதையும் அடித்தேன். காவ்யா அழுகிற ரகம் இல்லை.

மூன்றாவது: "காவ்யா கத்தினாள்."

ஆகா! இதுதான். நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். மூட்டுவலி காரணமாக உடனே உட்கார்ந்தேன்.

3

காவ்யா கத்தினாள். ஆனால் அதற்கு முன்னால் பாடிக்கொண்டிருந்தாள்.

சேவூரில் அவளுடைய சித்தப்பாதான் அந்த முருகேசன். அவருடைய தறிக் கொட்டகையை ஒட்டிய அறையில், ஜன்னலுக்குப் பாயைக் கட்டி, அரிசி டின் மேல் போனை நிறுத்திப் பாடினாள். சென்னையில் ஓர் இசைக் கம்பெனி.* அதன் ஆள் ஹேமநாத் ஒரு மெட்டை அனுப்பி, "ஆடிஷன்மா, ஜல்தியா பாடி அனுப்பு" என்றிருந்தான்.

(* பெயர் வைக்கவில்லை. எதை வைத்தாலும் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒன்று இருந்து தொலைக்கிறது.)

விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே பாடிப் பழகிய தொண்டை அவளுடையது. அவள் சேவூரில் தும்மினால், தேசூரில் "நூறாயுசு" என்பார்கள்.

இரண்டாவது சரணத்தில், பக்கத்துக் கொட்டகையில் ஒரு நூல் அறுந்தது. அங்கே ஒரு சட்டம் உண்டு. நூல் அறுந்ததை யார் கண்டாலும், யார் கேட்டாலும் கத்த வேண்டும். கத்தல் கேட்டால், சுவிட்சுக்குப் பக்கத்தில் இருப்பவர் அணைத்துவிட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்டுக்கொண்டிருந்தால் அரைமுழம் சேலை பாழ்.

பாட்டை விட மனம் வராமல், அதே சுருதியில் காவ்யா கத்தினாள்:

"அறுந்துச்சி, அறுந்துச்சி, நிறுத்துபா!"

தறி நின்றது. பாட்டு நிற்கவில்லை. முடித்து, அப்படியே அனுப்பிவிட்டாள்.

சில வாரங்களில் பாட்டு வெளியே வந்தது. குரல் அவளுடையது. வீடியோவில் வாயசைத்தது உதயா என்ற பெண். பாடியவர் என்ற இடத்திலும் உதயா. அந்தத் தறிக் கத்தல்தான் பல்லவி! ஷேர் ஆட்டோவில் அறுந்துச்சி, கல்யாண மண்டபத்தில் அறுந்துச்சி. திருமலைச் சமணர் குகை வௌவால்கள்கூடத் தாளத்துக்கு ஆடியதாகக் கேள்வி. (கேட்டது நான். சொன்னதும் நான்.)

உதயா ஒரு பேட்டியில் உருகினாள்: "காதல் அறுந்துபோன ஒரு பெண், இந்த உலகத்தையே நிறுத்தச் சொல்றா."

டி.வி.யைப் பார்த்து முருகேசன் சொன்னார்: "உலகத்த இல்லம்மா. மூணாம் நம்பர் தறிய."

காவ்யா ஹேமநாத்துக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, அது என் வாய்ஸ்."

"யாரு இல்லன்னது? ஆடிஷனுக்கு வந்ததெல்லாம் கம்பெனிக்குத்தாம்மா. ஓகேன்னு நீதான தட்டுன?"

"பேராச்சும் போடலாமில்ல?"

அப்போது ஹேமநாத் அவள் பெயரைப் பற்றி ஒன்று சொன்னான்.*

(* அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆறாம் பகுதியில் வேறு வழியில்லாமல் எழுதுவேன்.)

அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இதைப் பாடியது இவள்தான் என்று யாராவது, எங்காவது, ஒரு மைக்கில் சொல்ல வேண்டும்.

4

ஹேமநாத்தில் எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் அவனுக்கு முறுக்கு மீசை, கழுத்துச் சங்கிலி, தங்கப்பல் எல்லாம் போட்டிருந்தேன். பரிமளா படித்துவிட்டு, "இவன் வந்தா எவ கதவ தொறப்பா? தேனாட்டம் பேசறவன்தான்யா ஏமாத்துவான்" என்றாள். தங்கப்பல்லைப் பிடுங்கிவிட்டுத் தேனை ஊற்றினேன்.

ஆரணியில் ஒரு பட்டுக்கடைத் திறப்புவிழா. உதயா வந்து பாடுவதாக ஏற்பாடு. முதலாளி ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்: கடைப் பெயரைச் சரணத்தில் சேர்த்து, நேரடியாகப் பாட வேண்டும். ரெக்கார்டு ஒலித்தால் கடை விளம்பரம் கம்பெனிக்குக் கிடையாது. கம்பெனிக்கு வியர்த்தது. தேன் போனில் வழிந்தது.

"மேடைக்குப் பின்னாடி நின்னுகினு ஒரே ஒருவாட்டி பாடுமா. அடுத்த பாட்டுல உன் பேருதான் மொதல்ல."

முதல் பிரதியில் காவ்யா நம்பினாள். இரண்டாவதில் நம்பவில்லை, ஆனாலும் போனாள். தன் ஊர்க் கூட்டம் தன் குரலுக்கு ஆடுவதைக் காதால் கேட்டுவிட ஆசை. இரண்டாவதை வைத்துக்கொண்டேன்.

5

காலை வெயில். பத்தாயிரம் பேர். (சரி, நாலாயிரம். சரி, நாற்காலி போட்டது ஐந்நூறு. அதில் நான் இரண்டில் உட்கார்ந்திருந்தேன்.)

மேடையின் பின்துணிக்கு அப்பால், யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் காவ்யாவை நிறுத்தினார்கள். அது ஜெனரேட்டர் மூலை. ஜெனரேட்டரை ஓட்ட வந்திருந்தவர் முருகேசன்.

"சித்தப்பா, நீ எங்க இங்க?"

"பாவு நூலு வரல, தறி ஓடல. சும்மா குந்திகினு இருக்காம வந்தேன். நீ எங்க?"

"பாட வந்தேன்."

"மேடை அந்தாண்ட இல்ல கீது?"

காவ்யா, கையில் கொடுத்த மைக்கின் கம்பியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

முன்னால் உதயா கையை உயர்த்தினாள். பின்னால் காவ்யா வாயைத் திறந்தாள். கூட்டம் பிய்த்துக்கொண்டது! சரணத்தில் கடைப் பெயர் வந்தது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். விசில், சீட்டி, ஒரு குழந்தை பந்தல்காலில் ஏறிவிட்டது. காவ்யாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. துணியின் ஓட்டையில் பார்த்தாள். ஊரே ஆடுகிறது, ஊரே உதயாவைப் பார்க்கிறது. உள்ளே எதுவோ சுருக்கென்றது. பல்லவியை அவள் பாடவில்லை. கொட்டகையில் கத்துவதுபோலக் கத்தினாள்.

"அறுந்துச்சி, அறுந்துச்சி, நிறுத்துபா!"

போனில் ஆயிரம் தடவை கேட்டும் அசையாத முருகேசன், தறிபோலவே இரையும் ஜெனரேட்டர் பக்கத்தில், இரண்டு முழ தூரத்தில், அந்த நிஜக் கத்தலைக் கேட்டார். ஏன், எதற்கு என்று அவர் கை கேட்கவில்லை.

அணைத்துவிட்டது.

மைக் செத்தது. உதயாவின் வாய் மட்டும் சத்தமே இல்லாமல் அசைந்துகொண்டிருந்தது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. துணிக்குப் பின்னாலிருந்து, மின்சாரம் தேவைப்படாத தொண்டையிலிருந்து, அது வந்துகொண்டே இருந்தது. ஐந்நூறு தலைகள் துணிப்பக்கம் திரும்பின.

இனி என்ன? என்னிடம் மூன்று முடிவுகள் தயார்.

(அ) கூட்டம் துணியைக் கிழித்து, காவ்யாவைத் தோளில் தூக்கி, கோட்டை மைதானத்தை மூன்று சுற்று சுற்றுகிறது. யானை உண்டு.

(ஆ) உதயாவே துணியை விலக்குகிறாள். அவளுக்கும் பாட வருமா என்று யாரும் கேட்டதில்லை. அழகாய் வாயசை, போதும் என்றே வைத்திருக்கிறார்கள்.

(இ) முருகேசன் பயந்துபோய் மறுபடி போடுகிறார். உதயா "லவ் யூ ஆரணி" என்கிறாள். எல்லாம் பழையபடி.

பரிமளா (இ) என்றாள். நான் யானையை விடுவதாக இல்லை.

6

அந்தச் சமயத்தில்தான் காவ்யாவே வீட்டுக்கு வந்தாள். பிரதியை முருகேசனிடம் நான்தான் கொடுத்தனுப்பியிருந்தேன், பெருமைக்கு. தும்மல் வரும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"சார், காவ்யா யாரு?"

"நீதாம்மா. கதைன்னா பேர மாத்தறது வழக்கம்."

"என் பேருக்கு இன்னா கொறச்சல்?"

சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்தது.

சரி, எழுதிவிடுகிறேன். அன்று ஹேமநாத் சொன்னது இதுதான்: "கெங்கம்மாள்னு போட்டா எவன்மா கிளிக் பண்ணுவான்?" எனக்கும், கதாநாயகிக்குப் பெயர் தேடியபோது, கொஞ்சம் லேசான பெயராக இருந்தால் வாசகர் தாண்டிப் போகமாட்டார் என்று…

"அவன் மூஞ்சிய மாத்துனான், நீங்க பேர மாத்துனீங்க. கத்துனவ மட்டும் நானு."

பேஜாராகிவிட்டது. பேனாவை எடுத்தேன். வாசகரே, மேலே காவ்யா என்று இருக்கும் இடமெல்லாம் கெங்கம்மாள். சிரமம் பார்க்காமல் திரும்பிப் போய் மாற்றிப் படியுங்கள்.

"முடிவையாச்சும் சரியா எழுதறேன்" என்றேன். "கரண்டு போனதுக்கு அப்புறம் இன்னா நடந்துச்சி? யார் துணிய விலக்குனாங்க? நான் உக்காந்த எடத்துல முன்னாடி இருந்தவன் எழுந்து நின்னு மறைச்சிட்டாம்மா."

"அத நான் சொல்லிக்கறேன் சார். எங்க சொல்லணுமோ அங்க."

"ஒரே ஒரு வரி. நான் நாசூக்கா—"

கெங்கம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூச்சை இழுத்தாள். என் வீட்டு ஓடுகள் அதிர்ந்தன.

"அறுந்துச்சி, அறுந்துச்சி, நிறுத்துபா!"

சமையலறையில் மிக்ஸி நின்றது. என் பேனாவும்

7

எனக்குத் தெரிந்த வேலை ஒன்று மட்டும் பாக்கி. வாழ்நாளெல்லாம் மைக்கில் எத்தனையோ ஊர்ப் பெயர் சொன்னேன். இப்போது மைக் என்னிடம் இல்லை. உங்களிடம் வாய் இருக்கிறது. கீழே இருப்பதை மனத்துக்குள் படித்து ஏமாற்றாதீர்கள். பக்கத்தில் ஒருவராவது இருக்கும்போது, வண்டி கிளம்புகிற அவசரத்தோடு, சத்தமாகச் சொல்லுங்கள்:

பயணிகள் கவனிக்கவும். இந்தப் பாட்டைப் பாடியவர், சேவூர் கெங்கம்மாள்.