ஐம்பத்தைந்தாவது மணித்தியாலம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டு நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்தின் அடித்தளத்திலிருக்கும், உடுப்புத் தோய்க்கும் லோன்றி ரூமில், போர்வைகள் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வேரோனிக்கா சொன்னது இது. 'சொன்னது' என்று எழுதவே தயக்கமாக இருக்கிறது. அவள் ஒரு ரீவி நாடகத்தைப் பற்றித்தான் பேசத் தொடங்கினாள். நடுவில் எங்கேயோ நாடகம் நின்றுவிட்டது, அவள் நிற்கவில்லை. எந்த இடத்தில் அது நின்றது என்று எனக்கு இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை.

நான் அச்சகத்தில் வேலை செய்கிறவன். நாலு கதைகள் இங்கத்தை வாரப் பத்திரிகையில் வந்திருக்கின்றன. "உங்கட கதையில எல்லாரும் நல்ல ஆக்களாவே இருக்கினம்" என்று மனைவி கிளடிஸ் குறை சொல்வாள். இந்தக் கதையிலும் நான் கெட்டவர் ஒருவரைத் தேடிப் பார்த்தேன். இருந்தாரா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

2

தொடங்கிப் பார்த்தவை:

'வேரோனிக்கா ஒரு டொக்டர்.' (வெட்டிவிட்டேன். அப்போது அவள் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.)

'வேரோனிக்கா ஒருகாலத்தில் டொக்டராக இருந்தாள்.' (இதைப் படித்தால் அவள் கோபிப்பாள். படிப்பை ஆர் பிடுங்கினது என்று கேட்பாள்.)

'மழை விடாது பெய்யும் இங்கிலாந்தின் வடக்கு நகரமொன்றில், களைத்துப்போன ஓர் இளம்பெண்' (நான் இங்கிலாந்துக்குப் போனதே இல்லை. இந்த மழை ரீவியில் பார்த்தது.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். வேரோனிக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. குருநகர்ப் பெண். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்து, இங்கிலாந்து அரச ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று வருடம் இளநிலை டொக்டராக இருந்துவிட்டு, எண்பத்தெட்டின் கடைசியில் சீமோனைக் கல்யாணம் செய்து ரொறன்ரோவுக்கு வந்தவள். இங்கே அந்தப் பட்டம் செல்லவில்லை. சோதனைகள் எழுதினாள். ஒன்றில் தவறி மறுபடி எழுதினாள். எல்லாம் பாஸ் பண்ணினாலும், வெளிநாட்டு டொக்டர்களை ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு எடுப்பது வருடத்துக்கு ஒரு கைப்பிடி பேரைத்தான். எட்டு வருடம் அந்தக் கைப்பிடிக்குள் விழக் காத்திருந்தாள்.

சீமோன் ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. மகள் ஸ்டெபனிக்கு ஏழு வயது. அவர்களும் நாங்களும் ஒரே மாடி.

3

நாடகத்தின் பெயர் வேண்டாம். சனிக்கிழமைகளில் பின்னேரம் ஐந்து மணிக்குப் போகும். பிரித்தானிய அரச ஆஸ்பத்திரி ஒன்றில் இளம் டொக்டர்மார் நின்றபடியே தூங்குவார்கள், ஓடியபடியே பாண் சாப்பிடுவார்கள், இடுப்பில் பேஜர் கத்திக்கொண்டேயிருக்கும். கிளடிஸ் அதைப் பைத்தியம்போலப் பார்ப்பாள். சில சனிகளில் அவளுக்கு வேலை என்பதால் கசெற்றில் பதிவும் செய்து வைப்பாள். நாங்கள் தேத்தண்ணிக்கென்று சீமோன் வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதுதான் ஓடும்.

அந்த வாரம் நாடகத்தில் ஒரு பெடியன் டொக்டர். கண் சிவந்து, தாடி வளர்ந்து நின்றான். ஒரு நோயாளிக்கு ஒவ்வாத மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டான். ஒவ்வாது என்று கோப்பின் முன்பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் இருந்தது. நோயாளி முகம் வீங்கிச் சரிந்தான். அந்த நேரம் பார்த்து விளம்பரம் வந்தது.

வேரோனிக்கா எழுந்து குசினிக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"உவனுக்குக் கண் தெரியாதே?" என்றான் சீமோன். "சிவப்பில பெரிசா எழுதிக் கிடக்கு. உவங்களையெல்லாம் ஆர் டொக்டராக்கினது?"

"அவன் வெள்ளிக்கிழமையில இருந்து நித்திரை கொள்ளேல்லை" என்றாள் அவள், குசினியிலிருந்து.

"நானும்தான் டபுள் ஷிப்ட் செய்யிறன். ஆரையும் சாகடிச்சனானே?"

விளம்பரம் முடிந்து நாடகம் தொடர்ந்த பிறகும் அவள் வரவில்லை. நான் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கப் போனபோது, கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பைகளை எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

(இந்த இடத்தில் சீமோனைக் கொஞ்சம் முரடனாக்கலாமா என்று யோசித்தேன். கதைக்கு வசதி. ஆனால் அவன் முரடனில்லை. அவள் சோதனைக்குப் படித்த வருடங்களில் சமையலும் பிள்ளையும் அவன் கையில்தான் இருந்தன.)

4

ஒரு கிழமை கழித்து, லோன்றி ரூம்.

"அருள் அண்ணை, அண்டைக்கு அந்த நாடகம் பாத்தனீங்கள்தானே" என்று தொடங்கினாள். ட்ரையர்கள் சுற்றிக்கொண்டிருந்தன, பாதிச் சொற்கள்தான் காதில் விழுந்தன.

"அந்தப் பெடியனுக்கு அது ஐம்பத்தைந்தாவது மணித்தியாலமா இருந்திருக்கும். வெள்ளி காலமை எட்டு மணிக்கு வந்தால் ஞாயிறு பின்னேரம் மூண்டு மணிக்கு அவ்வளவு வரும். அந்த நேரத்தில எழுத்துத் தெரியும் அண்ணை. வாசிப்பம். ஆனா மண்டைக்குள்ள போகாது."

"ஓம்" என்றேன்.

"நிமோனியாவோட வந்த ஆள். பஸ் கொண்டக்டரா இருந்து ஓய்வெடுத்தவர். பெனிசிலின் ஒவ்வாது. அவள் தானே எழுதி, தானே கரைச்சு, தானே ஏத்தினவள். அந்தாள் கையை நீட்டிக்கொண்டு, 'பிள்ளை, நீ இண்டைக்கு ஏதும் சாப்பிட்டனியே' எண்டு என்னைக் கேட்டவர்."

அவள் என்றவள் என்னை என்றாள். நாடகத்தில் இருந்தது ஆண். அதுவும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் போர்வையின் நுனியைப் பிடித்தபடி நின்றேன்.

பத்து நிமிடம். அவள் அட்ரினலின் கொடுத்தாள், நெஞ்சை அழுத்தினாள், தாதிமார் ஓடி வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பெரிய டொக்டர் வீட்டுத் தோட்டத்திலிருந்து அப்படியே, சப்பாத்தில் மண்ணோடு வந்தார். கோப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீ போய்ப் படு. மிச்சத்தை நான் எழுதுறன்" என்றார். மரணச் சான்றிதழில் நிமோனியா என்று எழுதினார். அவள் போய்ப் படுத்தாள். படுத்ததும் நித்திரை வந்துவிட்டது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை என்றாள். பதினாலு மணித்தியாலம் கனவில்லாமல் நித்திரை.

இரண்டு கிழமையில் அந்த ஆளின் மனைவியிடமிருந்து ஒரு நன்றி அட்டை வந்தது. அவரைக் கடைசிவரை அன்பாகப் பார்த்த சின்ன டொக்டருக்கு, என்று.

"பேந்து?" என்றேன்.

"பேந்தென்ன. உடுப்புக் காய்ஞ்சிட்டுது" என்று கூடையை எடுத்துக்கொண்டு எலிவேற்றருக்குப் போனாள்.

5

நான் குழம்பிப்போனேன். அவள் நாடகக் கதையைச் சொன்னாளா, தன் கதையைச் சொன்னாளா? அன்று நாடகத்தின் முடிவைப் பார்க்காமலே வந்துவிட்டதால், கிளடிஸிடம் கசெற்றை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். நாடகத்தில் அந்த நோயாளி பிழைத்துக்கொள்கிறான். பெரிய டொக்டர் பெடியனைப் பிடித்து ஏசுகிறார், பெடியன் கழிவறையில் அழுகிறான், முடிவில் ஒரு தாதி அவனுக்குக் கோப்பி கொடுக்கிறாள். பஸ் கொண்டக்டர் இல்லை. நன்றி அட்டை இல்லை.

அப்போதே நான் ஆறு பக்கம் எழுதியிருந்தேன் என்பதை இங்கே ஒளிக்கக்கூடாது. ஒருத்தி எட்டு வருடம் வாய்க்குள் வைத்திருந்ததை, அவள் உடுப்பின் சூடு ஆறுவதற்குள் நான் கதையாக்கத் தொடங்கிவிட்டேன். வெட்கமாக இருந்தது. எழுதுவதையும் விடமுடியவில்லை. ஒரு பின்னேரம் கதவைத் தட்டி அவளிடமே சொன்னேன்.

அவள் கோபிக்கவில்லை. "எழுதுங்கோ" என்றாள். "ஆனா பெரிய டொக்டரைக் கூடாத மனுசனாக்கிப் போடாதேங்கோ. அவர் என்னைக் காப்பாத்தினவர்." பிறகு, "காப்பாத்தினவரோ எண்டும் எனக்குத் தெரியேல்லை" என்றாள்.

6

தொண்ணூற்றேழு மார்ச்சில் கடிதம் வந்தது. ஜூலையிலிருந்து பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. சீமோன் மாடி முழுக்க லட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

அந்தக் கிழமையே வேரோனிக்கா இன்னொரு கடிதம் எழுதினாள். பழைய நன்றி அட்டையில் இருந்த முகவரிக்கு. மிஸ்ஸிஸ் ஹார்ட்லி என்ற அந்தப் பெண்ணுக்கு. நடந்ததை நடந்தபடி, மருந்தின் பெயரோடு, நேரத்தோடு. தன் ரெலிபோன் நம்பரையும் போட்டாள். தபாலில் சேர்த்து ஒரு கிழமை கழித்துத்தான் சீமோனிடம் சொன்னாள். எல்லாவற்றையும், முதற்தடவையாக.

அடுத்த நாள் சீமோன் என்னைக் கார்த் தரிப்பிடத்தில் மறித்தான்.

"அந்தக் கிழவி ஒரு முறைப்பாடு எழுதினால் காணும், கிடைச்ச இடமும் போயிடும். எட்டு வருசம் பாத்திருந்தது உதுக்கே அண்ணை?"

நான் கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

"எனக்குச் சொல்லேல்லை. உங்களுக்குச் சொல்லியிருக்கிறாள்." சாவிக்கொத்தை மாற்றி மாற்றிப் பிடித்தான். "நான் அண்டைக்கு ரீவிக்கு முன்னால இருந்து என்ன கதைச்சனான் எண்டு உங்களுக்கு ஞாபகமிருக்கே?"

"இருக்கு."

"எனக்கும் இருக்கு" என்றான். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாங்கோ. இனி என்ன செய்யிறதெண்டு கதைப்பம்" என்று காரில் ஏறினான்.

வேரோனிக்கா ஏன் அப்போது எழுதினாள்? பல காரணங்களை எழுதி எழுதி வெட்டினேன். கடைசியில் அவளையே கேட்டேன். "இனித் திரும்பவும் ஆக்களுக்கு மருந்தெழுதப் போறனெல்லோ" என்றாள். எனக்கு அது பாதிதான் விளங்கியது. அவளுக்கும் பாதிதான் விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கே நான் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: கடிதம் திரும்பி வருகிறது. முகவரியில் அப்படி ஒருவருமில்லை. (சுகமான முடிவு. அவளும் நேர்மையானவளாகிவிடுவாள், ஒருவருக்கும் நோகாது. அதனாலேயே வெட்டினேன்.)

முடிவு இரண்டு: மிஸ்ஸிஸ் ஹார்ட்லி மன்னித்து எழுதுகிறார். (கிளடிஸ் படித்துவிட்டு, "திரும்பவும் எல்லாரும் நல்ல ஆக்கள்" என்றாள்.)

முடிவு மூன்று: ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தடித்த உறை, அதற்குள் (இதை எழுதி முடிக்க மனம் வரவில்லை.)

7

நடந்தது இது.

சீமோன் கூப்பிட்ட அந்த ஞாயிறு நான் போனபோது பதினொரு மணி இருக்கும். பூசைக்குப் போட்ட உடுப்போடு மூன்று பேரும் இருந்தார்கள். சீமோன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான். ரெலிபோன் அடித்தது, ஸ்டெபனி எடுத்தாள்.

"Mummy, some old lady. உங்களை டொக்டர் எண்டு கேக்கிறா."

வேரோனிக்கா சுவரோரம் நின்றபடியே பேசினாள். றிசீவருக்குள்ளிருந்து மெல்லிய குரலொன்று எங்களுக்கும் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. அவள் பேசியது ஆங்கிலத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.

"ஓம், நான்தான்."

...........................

"ஓம். அந்த வாட்டிலதான்."

...........................

"இல்லை, மிஸ்ஸிஸ் ஹார்ட்லி. நிமோனியாவால இல்லை. நான் எழுதினதுதான் உண்மை."

...........................

"மூண்டு பத்துக்கு."

...........................

"ஒருதரும் எழுதச் சொல்லேல்லை. நானாத்தான் எழுதினன்."

...........................

"கொஞ்ச நேரம் வலி இருந்தது. பயமும் இருந்தது. நான் பொய் சொல்லமாட்டன்."

...........................

"லைனில நிக்கிறீங்களோ?"

...........................

"ஓம். சொல்லுங்கோ, எழுதுறன்."

கையை நீட்டினாள். ஸ்டெபனி தன் கலர்ப் பென்சில் ஒன்றைக் கொடுத்தாள். கோயிலில் தந்த தாளின் பின்பக்கத்தில் வேரோனிக்கா ஏதோ இரண்டு வரி எழுதினாள். நன்றி என்று சொல்லி றிசீவரை வைத்தாள்.

"என்னவாம்?" என்றான் சீமோன்.

அவள் தாளை நாலாக மடித்தாள். சோபாவில் அவனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள், சப்பாத்தைக் கழற்றாமலே. அவன் தன் கோப்பையை அவள் கையில் வைத்தான். நான் எழும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். கதை எழுதுகிறவன் அந்த இடத்தில் இருந்திருக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் இருக்கக்கூடாது.

ஜூலையில் வேரோனிக்கா ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். இப்போதும் போகிறாள். ஆகவே மிஸ்ஸிஸ் ஹார்ட்லி மன்னித்துவிட்டார் என்று நீங்கள் முடிவெடுக்கலாம். எனக்கு நிச்சயமில்லை. மன்னிக்காமலேயே ஒருவர் முறைப்பாடு எழுதாமல் விடலாம். அந்தத் தாளில் இருந்தது என்னவென்று நான் கேட்கவில்லை, சீமோனும் சொல்லவில்லை.

மிஸ்ஸிஸ் ஹார்ட்லி பேசியதை நான் எழுதிப் பார்த்தேன். மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் அவர் நான் பேசுவதுபோலவே பேசினார். ஆகவே புள்ளி போட்டு இடம் விட்டிருக்கிறேன். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வலி இருந்தது என்று வேரோனிக்கா சொன்னாளே, அதற்குப் பிறகு வரும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே அந்தப் பக்கத்திலிருந்து நெடுநேரம் ஒரு சத்தமும் வரவில்லை.