முக்கோணத்துக்குள் ஒரு வீடு

கோல்டர் ஜங்ஷனில் எஞ்சின்கள் திசை திரும்புவதற்காக மூன்று தண்டவாளங்களை முக்கோணமாகப் போட்டிருந்தார்கள். அந்த முக்கோணத்தின் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்டவை டாலஃப்சன் குடும்பத்தின் வீடும் மாட்டுக்கொட்டகையும். ரயில் பாதைக்கு நிலம் கேட்டு வந்தவர்கள், "ரயில் ஓடுற வரைக்கும்தான். நின்னா நிலம் உங்களுக்கே" என்று சொன்னார்களாம். அந்த வீட்டுப் பெரியவர் வாயைப் பிளந்துகொண்டு கொடுத்துவிட்டார். அவருக்கென்ன, போய்ச் சேர்ந்துவிட்டார். அனுபவித்தது பேரன் பெண்டாட்டி ஆர்டிஸ்.

வெளியே போக ஒரே ஒரு கேட். கேட்டின் குறுக்கே சரக்கு ரயில் நின்றால் பால் வண்டியும் நிற்கும், பள்ளிக்கூடப் பஸ்ஸும் நிற்கும். ஆர்டிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, ரயில் ஒழியும் நாளை எதிர்பார்த்தே காலத்தைத் தள்ளினாள்.

ரயிலும் ஒழிந்தது. தண்டவாளத்தைப் பிடுங்க வந்த ஆட்களுக்கு ஆப்பிள் பலகாரம் சுட்டுக் கொடுத்தவள் அவள்தான். தண்டவாளம் கிடந்த மேட்டையெல்லாம் வெட்டித் தள்ளி மக்காச்சோளம் போடுவதாக இருந்தாள். ஆனால் மாவட்ட அலுவலகத்தில் வேறு கதை சொன்னார்கள். என்றைக்காவது ரயில் திரும்பி வரலாம், அதனால் நிலம் பாதைக்கே சொந்தம், அதுவரை ஜனங்கள் சைக்கிள் ஓட்டட்டும் என்றார்கள். ஓடாத ரயிலுக்கு நிலமாம்! வயிறு எரிந்தது அவளுக்கு. சரளைக்கல் கொட்டி, பெஞ்சு போட்டு, மூன்று பக்கமும் மறுபடி அடைத்துவிட்டார்கள். முன்பாவது ரயில் போனபின் கொஞ்சம் அமைதி இருந்தது. இப்போதோ, பாதையைத் திறக்கும் முன்பே, நாள் முழுக்க எவனாவது வேலிக்கு மேலே தலையை நீட்டி, தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

திறப்பு விழா அன்று காலை கேட்டுக்குப் பக்கத்தில் லைல் ப்ரெக்கி ஒரு பலகையை நட்டுக்கொண்டிருந்தான். சரக்கு ரயிலில் பிரேக் போடுவதும் பெட்டிகளைக் கோப்பதும் கழற்றுவதுமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது சைக்கிள் பாதைக் கமிட்டியில் தொண்டு செய்கிறவன். பலகையில் ஜங்ஷனின் வரலாறு இருந்தது. கடைசி வரியை ஆர்டிஸ் இரண்டு தடவை படித்தாள். மூன்று பாதைகளுக்கு நடுவே ஒரு குடும்பம் மகிழ்ச்சியாக வாழ்ந்ததாம்.

"ஏன் லைல், இதுல என் புருஷனக் காணோமே?"

"விடு ஆர்டிஸ். சின்னப் புள்ளைங்க படிக்கிற பலகை. சாவு சமாசாரம் எதுக்கு?"

"மகிழ்ச்சியா வாழ்ந்தோமா? நீ வந்து பாத்தியா?"

"கமிட்டியில எழுதுனது. என் கையில என்ன இருக்கு?"

அந்த வார்த்தை! அன்றைக்கும் இதையேதான் சொன்னான் பாவி. அவள் புருஷன் நெல்ஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் கிடந்தான். கேட்டை மறித்துக்கொண்டு சரக்கு ரயில் நின்றது. அதற்கு அந்தப்பக்கம் ஆம்புலன்ஸ். சக்கரங்களின் இடுக்கு வழியாக அதன் சிவப்பு விளக்கு சுழல்வது ஆர்டிஸுக்குத் தெரிந்தது. "கொக்கியைக் கழட்டிப் பெட்டியப் பிரிச்சு விடு லைல்!" என்று கத்தினாள். "மேலேருந்து உத்தரவு வரணும். என் கையில இல்ல ஆர்டிஸ்" என்றான். உத்தரவு வந்தபோது நெல்ஸ் போய்விட்டான்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. எல்லாரும் ஊர்ப் பூங்காவில் பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வைக்கோல் வண்டியை டிராக்டரில் இழுத்து வந்து, கேட்டைத் தாண்டிப் பாதையின் குறுக்கே நிறுத்தினாள். அங்கே மேடு உயரம், இரண்டு பக்கமும் பள்ளம், சுற்றிப் போக வழியில்லை. அதோடு விட்டாளா? வண்டியின் ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பக்கத்துக் குளத்துக்குள் உருட்டிவிட்டு, டிராக்டரைக் கொட்டகைக்கு ஓட்டிப்போனாள். இனி இழுங்கடா பார்ப்போம் என்று வாசற்படியில் உட்கார்ந்து காபி குடித்தாள். அத்தனை ருசியான காபியை அவள் குடித்துப் பல வருஷமாகியிருந்தது.

சைக்கிள்காரர்கள் திட்டிக்கொண்டே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வண்டி மேல் ஏறி இறங்கினார்கள். சாயங்காலம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. சைக்கிள் பாதையிலேயே அது வந்து, வைக்கோல் வண்டிக்கு முன்னால் நின்றது. ஆர்டிஸ் எழுந்து கேட்டுக்கு ஓடினாள்.

ஓட்டி வந்த பெண் குதித்து இறங்கினாள். "யாரும்மா இதக் குறுக்க போட்டது? அறிவு வேண்டாம்?" கூட வந்தவன் பையைத் தூக்கிக்கொண்டு வண்டி மேல் ஏறிக் குதித்து ஓடினான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து மூச்சிரைக்க லைல் வந்தான். "அந்தப்பக்கம் பாலத்துக்கிட்ட, ரோடே இல்லாத எடத்துல ஒரு அம்மா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்துட்டாங்க. புருஷன் அழுதுக்கிட்டு நிக்கிறாரு. வண்டிய எடு ஆர்டிஸ், சீக்கிரம்!"

அவள் வாயைத் திறந்தாள். "முடியாது லைல். சக்கரம் குளத்துல கெடக்கு. இப்ப... என் கையில இல்ல."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. லைலுக்கும் விழுந்திருக்க வேண்டும். திட்டியிருக்கலாம். பார்த்தியா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவளுக்கு அது தேவலையாக இருந்திருக்கும். அவனோ வண்டி மேல் ஏறி வைக்கோல் கட்டுகளைப் பள்ளத்தில் தள்ள ஆரம்பித்தான். ஆர்டிஸும் ஏறினாள். சைக்கிள்காரர்கள் ஓடி வந்தார்கள். சுமை குறைந்ததும் எல்லாருமாக ஒரு பக்கம் தோள் கொடுத்து நெம்பி வண்டியைப் பள்ளத்தில் கவிழ்த்தார்கள். ஆம்புலன்ஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

அது திரும்பி வந்தபோது, பாலத்தருகே விழுந்தவள் உள்ளே மூக்கில் குழாயோடு கண் திறந்து படுத்திருந்தாள். புருஷன் அவள் கையை விடவில்லை. ஆர்டிஸ் கேட்டைப் பிடித்தபடி நின்றாள். ஆள் பிழைத்தது.

கூட்டம் கலைந்தது. லைல் கையில் வைக்கோல் கீறிய ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு ஏன்டா கழட்டல?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவனிடம் அதைக் கேட்டதே இல்லை.

"கொக்கி மேல கை வெச்சேன் ஆர்டிஸ். வேலை போயிருமேன்னு கைய எடுத்துட்டேன்." அவன் தலை நிமிரவில்லை. "உத்தரவு இல்லன்னு சொன்னது நெஜம்தான். ஆனா கையில இல்லன்னு சொன்னது பொய்."

அவளுக்கு அழுகை வந்தது. இவனை வெறுத்தே முக்கோணத்துக்குள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். இன்றைக்கு அந்தப் பிடியும் போயிற்று.

"பலகையில நெல்ஸ் பேர எழுதிடுறேன். கமிட்டி என்ன வேணா சொல்லட்டும்" என்றான் லைல்.

"எழுது. ஆனா அதோட நிறுத்தாத. இந்த எடத்துல ஆம்புலன்ஸ ரெண்டு தடவ மறிச்சிருக்காங்கன்னு எழுது. மொத தடவ ரயிலு, ரெண்டாவது தடவ ஆர்டிஸ் டாலஃப்சன்னு எழுது. சின்னப் புள்ளைங்க படிக்கட்டும்."