டாக்டர் வியாகுலம்மாளின் டைனமோ

1

இதைக் கதையாக எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. கார் வைத்திருப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார் அருள்நாதன். அவர்தான் சங்கத்தின் செயலாளர். தலைப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தார்: ‘மெக்கானிக்கிடம் ஏமாறாமல் இருப்பது எப்படி?’ இரண்டு பக்கம். பத்து யோசனைகள்.

“என்கிட்ட கார் கிடையாதே சார்,” என்றேன். ஸ்ரீரங்கத்தில் இருந்து டவுனுக்கு நான் போய்வருவது சைக்கிளில்.

“அதனாலதான் உங்களைக் கேக்கறேன். கார் வச்சிருக்கறவங்களை எழுதச் சொன்னா பாதியிலயே அழுதுடுறாங்க.”

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தேன்.

திருச்சி நகரில் மோட்டார் வாகனங்கள் நாளுக்கு நாள் பெருகிவரும் இவ்வேளையில், உரிமையாளர்கள் விழிப்புடன்

(விட்டுவிட்டேன். ‘விழிப்புடன்’ என்று எழுதியதுமே எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.)

யோசனைகள் தேடி, மேலப்புதூரில் இருக்கும் டாக்டர் வியாகுலம்மாளைப் பார்க்கப் போனேன். ஒரு மெக்கானிக்கிடம் வருஷக்கணக்கில் ஏமாந்து, கடைசியில் அவரைக் கையும் களவுமாகப் பிடித்தவர் என்று அருள்நாதன் சொல்லியிருந்தார். இரண்டு யோசனைகளை வாங்கிக்கொண்டு திரும்புவதாக எண்ணம். காபி வந்தது, ஆறியது, இன்னொரு காபி வந்தது, அதுவும் ஆறியது. நான் அசையவில்லை. திரும்பும்போது காவிரிப் பாலத்தில் எதிர்காற்று; அது எனக்கு உறைக்கவே இல்லை. வாய்விட்டுப் பேசிக்கொண்டே மிதித்திருக்கிறேன் போலிருக்கிறது. இளநீர் விற்கிறவர் ஒருவர், “யாரைங்க கூப்பிடுறீங்க?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் பத்து யோசனை வரவில்லை. இதுதான் வருகிறது.

2

முதலில் அவரைச் சொல்லிவிடுகிறேன். இது நடந்த 1978-இல் அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. மண்ணச்சநல்லூரில் சிறியதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி நடத்திவந்தார். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் காவிரிப் பாலம், ஸ்ரீரங்கம், கொள்ளிடப் பாலம் எல்லாம் கிடக்கின்றன. அத்தனையையும் கடக்க அவரிடம் ஒரு கறுப்பு ஃபியட் இருந்தது. டிரைவர் கிடையாது, அவரே ஓட்டுவார். ஒரு பொம்பளை கார் ஓட்டிப் போவதை வழியில் டோல்கேட் பகுதிக் கடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்களாம்.

மெக்கானிக் பெயர் அற்புதசாமி. எடமலைப்பட்டி புதூரில் மதுரை ரோட்டை ஒட்டி அவருடைய ஒர்க்‌ஷாப். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் டாக்டருக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவர். நம்ம சர்ச் பங்கைச் சேர்ந்தவர் என்பதால், வண்டியை விடும்போது டாக்டர் எப்போதும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார். “என்ன தேவையோ பாத்துப் பண்ணிடுங்க.”*

* இந்த வாக்கியத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். வண்டி என்ன செய்கிறது, எப்போது செய்கிறது என்று சொல்லுங்கள். அவர் என்ன செய்யப்போகிறார் என்பதைக் கை வைக்கும் முன்னால் கேளுங்கள். (அருள்நாதன் சார், இது ஒன்று.)

ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இருந்து ஃபோன் வந்தது. இருசம்மாள் என்ற பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. தலை வரவேண்டிய இடத்தில் பிள்ளை காலை நீட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் வண்டியை எடுத்தார். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. டைனமோ பாட்டரிக்குக் கரண்ட் கொடுக்கவில்லை என்பதற்கான விளக்கு அது. அந்த டைனமோவைச் சமீபத்தில்தான் அற்புதசாமி கழற்றிச் சரிபார்த்து, “இதுக்கு முன்னால புதுசு கெட்டுது போங்க” என்று சொல்லி மாட்டிக் கொடுத்திருந்தார். கொள்ளிடப் பாலத்தின் நடுவில் ஹெட்லைட் மங்கியது, என்ஜின் இருமியது, வண்டி நின்றது.

டாக்டர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். காலிச் சாக்குகளோடு மண்ணச்சநல்லூர் அரிசி மில்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்த லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி ஏறினார்.

லாரி போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் யாரும் பேசவில்லை. இருசம்மாளின் தாய் மெதுவாகத் தலையை

(இந்த வாக்கியத்தை வேண்டுமென்றே இங்கே கிடக்கவிடுகிறேன். இரண்டாவது தடவை போனபோது இதை டாக்டரிடம் படித்துக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அந்தப் பிள்ளை உசுரோட இருக்குங்க. மதுரைவீரன்னு பேரு. இந்த வருஷம் ஸ்கூல்ல சேத்திருக்காங்க. உங்க கதை நல்லா வரணும்னு அவனைச் சாகடிப்பீங்களா?” என்றார். எனக்கு வியர்த்துவிட்டது.)

ஆகவே நடந்தது நடந்தபடி: பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தது. மூச்சில்லை. டாக்டர் அதன் வாயில் வாய் வைத்து ஊதினார். விட்டு விட்டு ஊதினார். அழுதது.

3

அந்த ஆஸ்பத்திரியில் பிறக்கும் பிள்ளைகளின் மணிக்கட்டில் தாயின் பெயரை எழுதிய பிளாஸ்திரி ஒட்டுவார்கள். பிள்ளை மாறிவிடக் கூடாதல்லவா. மதுரைவீரனின் கையில் நர்ஸ் அதை ஒட்டுவதை டாக்டர் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்பத்தான் எனக்குத் தோணிச்சு,” என்றார் என்னிடம்.

இந்தத் தடவை புது டைனமோவைத் தானே கடையில் வாங்கினார். பிளாஸ்திரி என்றால் பிய்த்துவிடலாம். அதனால் பழைய ஆபரேஷன் பிளேடு ஒன்றை எடுத்து, குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும் இடத்தில் ‘வி’ என்று கீறினார். வியாகுலத்தின் வி. பிறகு அற்புதசாமியிடம் கொடுத்து மாட்டச் சொன்னார்.

சில மாதங்கள் சிவப்பு விளக்கு எரியவில்லை. பிறகு பிரேக் பார்க்க வண்டியை விட்டார். பிரேக்குக்கு மட்டும்தான். வண்டி திரும்பி வந்த சில நாட்களில் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. பானெட்டைத் திறந்தார். டைனமோ புதுப் பெயிண்டில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. குனிந்து பார்த்தார். ‘வி’ இல்லை.

(இதைக் கேட்டபோது நான் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டேன். இப்போது எழுதும்போதும் ஒருதடவை எழுந்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.)

“உடனே போய்க் கேட்டீங்களா டாக்டர்?”

“என்னத்தைக் கேக்கறது? கீறல் மேல பெயிண்ட் மூடியிருக்கலாம்ல. ஒரு கட்டி கையில தட்டுப்பட்டா உடனே கத்தியை எடுத்துடுவேனா? பாட்டரியை வெளியில சார்ஜ் ஏத்தி ஏத்தி ஓட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன்.”*

 * பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், துணியில் சுற்றியாவது வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். புதுசு என்றால் அது வந்த பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். பெயிண்ட் அடித்தது எல்லாம் புதுசு இல்லை. (இரண்டும் மூன்றும்.)

4

இப்போது ஜெகபர் அலி வருகிறார். பெரிய கடை வீதியில் அரிசி மண்டி வைத்திருப்பவர். அவரும் ஃபியட்காரர், அவரும் அற்புதசாமியின் வாடிக்கை. மண்ணச்சநல்லூர் மில்களுக்கு அடிக்கடி வருவார். ஆனால் அவரும் டாக்டரும் அதுவரை பேசியதில்லை.

அன்று மில் வாசலில் அவர் வண்டியின் பானெட் திறந்திருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்துவிட்டது. அது ஆறட்டும் என்று துண்டால் விசிறிக்கொண்டு நின்றார். டாக்டர் உதவிக்குத்தான் வண்டியை நிறுத்தினார். பழக்கதோஷம், கண் டைனமோ பக்கம் போயிற்று. குனிந்தார்.

வி.

(இந்த இடத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இடி இடித்தது. இன்னொன்றில் அவருடைய இதயம் என்னென்னவோ செய்தது. எதுவும் அந்த ஒரு எழுத்துக்கு ஈடாகவில்லை. இப்படியே இருக்கட்டும்.)

“பாய், தப்பா நினைக்காதீங்க. இந்த டைனமோ எப்ப போட்டீங்க?”

“போன மாசம் டாக்டரம்மா. புத்தம் புதுசு. நம்ம அற்புதசாமி வாங்கிப் போட்டாரு. ஏன் கேக்கறீங்க?”

“இது என்னோடது பாய்.”

ஜெகபர் அலி துண்டால் விசிறுவதை நிறுத்தினார். டாக்டர் எழுத்தைக் காட்டி, கீறிய கதையைச் சொன்னார். அவர் நேரே டாக்டரின் வண்டிக்குப் போய் பானெட்டைத் தூக்கச் சொன்னார். உள்ளே கையைவிட்டுத் தடவினார். டைனமோவின் போல்ட் மாட்டும் காது எப்போதோ உடைந்து வெல்டிங் வைத்தது. பெயிண்ட் நிறத்தை மறைத்திருந்தது, மேட்டை மறைக்கவில்லை.

“இந்த ஒட்டு நான் நின்னு வைக்கச் சொன்னது,” என்றார். “தேறாதுன்னு சொல்லிக் கழட்டினாரு. இது உங்க வண்டியிலயா ஓடுது?”

“ஓடலை பாய். அதான் சங்கதி.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நடுரோட்டில் நின்று, ஏமாந்த இரண்டு பேர், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார்கள். சிரித்து முடித்ததும் ஜெகபர் அலியின் முகம் மாறியது.

“போலீசுக்குப் போவோம்.”

“முதல்ல அவர்கிட்டயே போவோம்,” என்றார் டாக்டர்.

5

இரண்டு ஃபியட்டும் ஒன்றன்பின் ஒன்றாக எடமலைப்பட்டி புதூர் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தன. அங்கே பாங்க் அதிகாரி விக்டர் தன்னுடைய அம்பாசிடருக்காக ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அற்புதசாமி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். டாக்டரையும் பாயையும் சேர்த்துப் பார்த்ததும் துடைப்பது கொஞ்சம் நீண்டது.

டாக்டர் ஜெகபர் அலியின் வண்டியைக் காட்டினார். “இந்த டைனமோ யாருது?”

“பாயோடது டாக்டரம்மா. புதுசு, நான்தான் போட்டேன்.”

“இதுல வி-ன்னு இருக்கே.”

அற்புதசாமி குனிந்து பார்த்தார். நிமிர நேரம் எடுத்துக்கொண்டார். “அது கம்பெனி மார்க்குங்க. எல்லா டைனமோலயும் இருக்கும்.”

“கம்பெனியில தமிழ்லயா மார்க் போடுறாங்க?” என்றார் ஜெகபர் அலி.

பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. விக்டர் ஸ்டூலில் இருந்து எழுந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், தன் அம்பாசிடரின் பானெட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். என்ன தேடுகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஆனாலும் தேடினார்.

“அற்புதசாமி,” என்றார் டாக்டர். “அன்னிக்குக் கொள்ளிடப் பாலத்துல என் வண்டி நின்னப்ப ஆஸ்பத்திரியில ஒரு பிள்ளை செத்துக்கிட்டிருந்துச்சு. நான் லாரியில ஏறிப் போனேன். லாரி வராம இருந்திருந்தா?”

அவர் மறுபடியும் கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

“மாத்துங்க. இங்கயே. நாங்க பாத்துக்கிட்டிருக்கோம்.”

அற்புதசாமி ஸ்பானரை எடுத்தார். இரண்டு டைனமோக்களையும் கழற்றி, இடம் மாற்றி, பெல்ட்டை விரலால் அழுத்திச் சரிபார்த்தார். ஒரு நட்டுகூடத் தவறி விழவில்லை. டாக்டரின் வண்டியை ஸ்டார்ட் செய்தார். சிவப்பு விளக்கு அணைந்தது.

“அவ்வளவு சுத்தமான கை,” என்றார் டாக்டர் என்னிடம். “அதைப் பாத்தப்பதான் எனக்குக் கோவமே வந்துச்சு.”*

* முடிந்தால் வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் நில்லுங்கள். ஓட்டிப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். (எண்ணிக்கை எனக்கு விட்டுப்போய்விட்டது, சார்.)

6

இந்த அற்புதசாமியிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன். இத்தனை நல்ல வேலைக்காரர் ஏன் இதைச் செய்தார்? கதை என்றால் காரணம் வேண்டுமே.

அற்புதசாமிக்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்கு வரன் திகைந்திருந்த சமயம்

(பொய். அவருக்கு ஒரே மகன்.)

மாலையானால் அவருடைய கால்கள் தாமாகவே சாராயக் கடையை

(அதுவும் பொய். அவர் குடிப்பதில்லை.)

டாக்டரிடம் கேட்டேன். “காரணம் அவர் சொல்லலைங்க. நானும் கேக்கலை. நீங்களா ஒண்ணை எழுதி வச்சிடாதீங்க. அந்த மலர் அவர் கையிலயும் கிடைக்கும்.”

பாய் கொடுத்த டைனமோ காசு திரும்பி வந்தது. போலீஸ் வரை போகவில்லை. டாக்டர் வேண்டாம் என்றார், ஜெகபர் அலி அரைமனதாக ஒத்துக்கொண்டார். ஆனால் யார் கேட்டாலும் இருவரும் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்கள். விக்டர் பாங்க் முழுக்கச் சொன்னார். வண்டிகள் வருவது குறைந்து, நின்று, ஒர்க்‌ஷாப் மூடப்பட்டது. பூசையில் அந்த முன் பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். வெற்றிதான். ஆனால் அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஜெபத்தில் அடுத்த வரி தனக்கு மறந்துபோகும் என்றார் டாக்டர்.

7

கதை அங்கே முடிந்திருக்கும். முடியவில்லை.

அடுத்த வருஷம், நல்ல வெயில். ஜீயபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்து வீட்டில் பிரசவம். கூப்பிட்டு ஆள் வந்து, டாக்டர் போய்க்கொண்டிருந்தார். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வாழை, நடுவில் ஃபியட் நின்றுவிட்டது. இந்தத் தடவை சிவப்பு விளக்கு இல்லை, வேறு ஏதோ கோளாறு. கூப்பிட வந்தவர் சைக்கிளில் முன்னாலேயே போய்விட்டார்.

ஒரு டவுன் பஸ் வந்தது. டாக்டர் கைகாட்டும் முன்பே நின்றது. ஒருவர் தோளில் பையோடு இறங்கினார். இறங்கிய பிறகுதான் அது யாருடைய கார் என்று பார்த்திருக்க வேண்டும், அப்படியே நின்றுவிட்டார். அற்புதசாமி. இப்போது பம்ப்செட் ரிப்பேர் பார்க்க ஊர் ஊராகப் போய்வருகிறார்.

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, “ஏறுறீங்களாம்மா?” என்றார்.

அற்புதசாமி பானெட்டைப் பார்த்தார். டாக்டரைப் பார்க்கவில்லை. “சாவியைக் குடுங்க டாக்டரம்மா. ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன்.”

(முதல் முடிவு: டாக்டர் பஸ்ஸில் ஏறிவிடுகிறார். இது சரியான முடிவு. சங்க உறுப்பினர்கள் கை தட்டுவார்கள். இரண்டாவது: சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார். இது என் மனைவிக்குப் பிடித்தது. மூன்றாவது: சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறிப் போகிறார். இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.)

என்ன செய்தார் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நான் எழுதியும் வைத்திருந்தேன், கிழித்துவிட்டேன். இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: அன்று பொழுது சாயும் முன்னால் அந்த வாழைத்தோட்டத்து வீட்டில் ஒரு பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதை முதலில் ஏந்திய கை டாக்டருடையது.

மற்றபடி பஸ் இன்னும் உறுமிக்கொண்டு நிற்கிறது. அற்புதசாமியின் கை நீண்டிருக்கிறது. கார் நின்று வெகு நேரமாகிவிட்டது. அவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். நீங்களாக இருந்தால்? சீக்கிரம் சொல்லுங்கள்.