மெழுகிய இடத்தில் ஒரு ரொட்டி அடுப்பு

பெங்களூரில் இத்தாலியக் கைதிகளை அடைத்து வைத்திருந்த முகாமில் சவுரியப்பன் சமையல்கட்டு எடுபிடியாக இருந்தான். யுத்தம் முடிந்தது. கைதிகள் கப்பலேறினார்கள், சவுரியப்பன் பொம்மிடிக்கு ரயிலேறினான். மற்றவர்கள் டிரங்குப் பெட்டியும் கம்பளியுமாகத் திரும்பிய காலத்தில் அவன் தலைக்குள் ஓர் அடுப்போடு திரும்பினான்.

அதைப் பற்றி அவன் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. செங்கல்லைச் சுற்றிச் சுற்றி அடுக்கி, கவிழ்த்த பானை மாதிரிக் கட்ட வேண்டும். உள்ளேயே விறகை எரித்து, தணலை ஓரமாகத் தள்ளி, சூடான தரையில் மாவைத் தட்டிப் போட்டால் ரொட்டி. கைதிகள் அதன்மேல் தக்காளியையும் திரிந்த பாலையும் போட்டுத் தின்பார்களாம். பால் திரிந்தால் பசுவுக்குக் கண்பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடுகிற ஊர், அந்த ஒரு சங்கதியை மட்டும் நம்ப மறுத்தது. மற்றபடி எல்லாருக்கும் ஆசைதான். ரேஷனில் அரிசிக்குப் பதில் கோதுமை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைக் களி கிண்டினால் சுவரில் நோட்டீஸ் ஒட்டத்தான் தோதாக வந்தது.

அவன் மனைவி ஞானமேரிக்கும் அடுப்பின்மேல் ஆட்சேபமில்லை, அவன் இடம் பார்த்த நாள் வரைக்கும்.

புழக்கடை முழுக்க நெருஞ்சியும் எருக்கும். முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குச் சாணி மெழுகித் துப்புரவாக இருந்தது. சவுரியப்பன் குதிகாலால் தட்டிப் பார்த்தான்.

"கல்லு மாதிரி கெடக்குது. அஸ்திவாரமே வேணாம் புள்ள. எனக்காவவே மெழுகி வச்சாப்பல இருக்குது."

அவனுக்காக மெழுகியதல்ல. அதன் கீழே அவர்கள் பையன் இருந்தான்.

சவுரியப்பன் லீவில் வந்துபோனதில் உண்டான பிள்ளை. அவன் பெங்களூரில் இருந்தபோதே பிறந்தது. பிறந்ததும் அழவில்லை. ஒரு தரம் வாயைத் திறந்து மூடியதாக மருத்துவச்சி ராமக்கா சொன்னாள், அவ்வளவுதான். சாமியார் வராத நாட்களில் கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் அல்போன்ஸ் வந்து நின்று சட்டத்தைச் சொன்னார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, புழக்கடையில்தான் புதைக்க வேண்டும். அதற்கு மோட்சமும் கிடையாது, நரகமும் கிடையாது, நடுவில் எங்கோ நிற்கும். ரயிலைத் தவறவிட்டவர்கள் நிற்கிற பிளாட்பாரம் மாதிரி என்று ஞானமேரி புரிந்துகொண்டாள்.

சொல்லிவிட்ட பிறகு உபதேசியாருக்கே மனசு கேட்கவில்லை போலும். பெங்களூர் போகிற ஆளிடம், குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி இன்னாசி என்று பேர் வைத்த பிறகுதான் இறந்தது என்று சொல்லியனுப்பினார். பொய் சொல்லாதே என்று ஞாயிறுதோறும் பிரசங்கிக்கிறவர் சொல்லும் பொய்க்குத் தனி உறுதி உண்டு. சவுரியப்பன் நம்பினான். ஊருக்கு வந்ததும் மகனின் மேட்டைக் காட்டச் சொன்னான். ஞானமேரி கல்லறைத் தோட்டத்து மூலையில், பெயரில்லாத யாருடையதோ ஒரு மேட்டைக் காட்டினாள். கல்லறைத் திருநாளன்று அவன் அதில் மெழுகுவத்தி ஏற்றினான். மோட்சத்தில் நமக்கென்று ஓர் ஆள் இருக்கிறான் மேரி என்று சந்தோஷப்பட்டான்.

இப்போது உண்மையைச் சொன்னால் அவனுடைய மோட்சம் போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளைமேல் நெருப்பு எரியும்.

வேறு பக்கம் கட்டலாமே என்று கேட்டுப் பார்த்தாள். புகை மாட்டுக் கொட்டகைக்குப் போகும் என்றான். காற்று எந்தப் பக்கம் வீசும் என்பதையெல்லாம் இத்தாலிக்காரனிடம் படித்தவனிடம் என்ன பேசுவது?

முழங்கால் உயரத்துக்குக் கல்மேடை எழும்பியது. அதன்மேல் ஈர மணலைக் குவித்துச் சாக்கைப் போர்த்தி, சாக்கின்மேல் வரிசை வரிசையாகச் செங்கல் வைத்தான். காய்கிற வரை மணல்தான் கல்லைத் தாங்கும். அப்புறம் அடுப்பின் வாய் வழியாக மணலைத் தோண்டி எடுத்துவிட்டால் கூடு தானே நிற்கும். மேலே செம்மண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசினான். பூச்சு முடிந்ததும் அது நிறைமாத வயிறாக இருந்தது. அவன் உள்ளங்கையால் அதை வழித்து வழித்து வழவழப்பாக்கினான். அவள் வயிற்றை அவன் அப்படித் தடவியதில்லை. அப்போது பெங்களூரில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

காய்கிற நாட்களில் அடுப்பு சும்மா இருக்கவில்லை. மத்தியானத்தில் உள்ளே மணல் சரிந்தது, தூக்கத்தில் புரண்டு படுக்கிற சத்தத்தோடு. பூச்சில் ஒரே இடம் உதடுபோல விரிந்தது. பூசினான், மறுபடி விரிந்தது. குஞ்சுகளோடு மேய்கிற கோழி மேடையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. உனக்கென்னடி தெரியும் என்று ஞானமேரி கோழியைத் திட்டினாள். பால் வற்றி எவ்வளவோ காலமான மார்பு கனத்தது. காலையில் மேடையைச் சுற்றி மெழுகினாள், விட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே பிசைந்த மாவோடு வந்து முருங்கை நிழலில் உட்கார்ந்தது. அடுப்பை மந்திரிக்கத் தீர்த்தப் புட்டியோடு வந்த உபதேசியார் இடத்தைப் பார்த்ததும் கோதுமைக் களி நிறமானார்.

"வேற எடமே கெடைக்கலியா சவுரி?"

"மேரி மெழுகி வச்ச எடமுங்க."

உபதேசியார் குனிந்துகொண்டார். சட்டைக் கையில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அதை வெகுநேரம் ஆராய்ந்தார்.

கூட்டின் பின்பக்கத்தில் இன்னும் கொஞ்சம் மணல் இருந்தது. சவுரியப்பனின் தோள் வாய்க்குள் நுழையவில்லை. ஞானமேரி முறத்தைத் தள்ளிக்கொண்டு இடுப்புவரை உள்ளே போனாள். இருட்டு. ஈரமண் வாசனை. அவள் மூச்சு சுவரைச் சுற்றிவந்து அவள் காதிலேயே விழுந்தது, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் சின்னதாக. மூச்சை அடக்கிப் பார்த்தாள். அது நிற்கவில்லை.

"பயப்படாத சாமி," என்றாள் மெதுவாக. "உங்கப்பாருதான். நீ கீழ இருக்கறது அவருக்குத் தெரியாது. அம்மாதான் சொல்லல. இன்னிக்குச் சுடும், கொஞ்சம் பொறுத்துக்க."

செங்கல் கூட்டுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. உள்ளே முணுமுணுத்தது வாயில் வந்து முழுசாக விழுந்தது. வாயருகே சுள்ளிகளோடு குந்தியிருந்த சவுரியப்பனுக்கு ஒரு வார்த்தை தவறாமல் கேட்டது.

அவள் தலையெல்லாம் மணலாக வெளியே வந்தபோது அவன் கையில் சுள்ளி இல்லை.

"அப்ப நான் யாருக்கு மெழுகுவத்தி ஏத்துனன்?"

"தெரியலிங்க."

"மோட்சத்துல?"

"இங்கதாங்க இருக்கான்."

சவுரியப்பன் தலையை மட்டும் அடுப்புக்குள் நுழைத்தான். காதைச் சுவரோடு வைத்தான். என்ன கேட்டது என்று அவள் பிற்பாடும் கேட்டதில்லை. எழுந்து போய், உள்ளே விரிசல் விட்டுவிட்டது, நெருப்பு வைத்தால் இடிந்துவிடும் என்று எல்லாரிடமும் சொன்னான். ஊர் நிதானமாகச் சிரித்தது. இத்தாலிக்காரன் ஏன் தோற்றான் என்பது இப்போதுதான் விளங்குகிறது என்று ஒருவர் சொல்லிவிட்டு, மாவை எடுத்துக்கொண்டு போனார். அவன் வாங்கிக் கட்டிக்கொண்டான். எல்லாருக்கும் முன்னால் நழுவியிருந்தவர் உபதேசியார்தான்.

வெயில் தாழ்ந்ததும் சவுரியப்பன் மிச்சமிருந்த செங்கல்லால் அடுப்பின் வாயை அடைக்கத் தொடங்கினான். ஞானமேரி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். உச்சியில் ஒரு கல் அளவுக்கு இடம் பாக்கி. கடைசிக் கல்லை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"வேணாம். மூச்சு முட்டும்."

அவன் கை கழுவப் போனான். ஞானமேரி அந்தச் சந்தில் விரலை வைத்துப் பார்த்தாள். நெருப்பே கண்டிராத அடுப்புக்குள்ளிருந்து இளஞ்சூடாகக் காற்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது.