இரண்டு பக்கமும் பேசியவன்

என் பெயர் சோலைமலை. ஹட்டனுக்கும் வட்டவளைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். ஆனால் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் 'விவாத மாஸ்டர்' என்றால்தான் தெரியும். ஒன்பது வருடத்தில் எங்கள் விவாத அணி வலய மட்டத்தில் ஆறு தடவை முதலிடம் வாங்கியிருக்கிறது. கேடயங்கள் பாடசாலை அதிபரின் அறையில், கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கின்றன. அங்கே போகும்போதெல்லாம் அவற்றை ஒருமுறை எண்ணிவிட்டுத்தான் உட்காருவேன். அப்படிப்பட்ட தலைக்கனம் பிடித்தவன் செய்த காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

என் பயிற்சி முறையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பழைய பால்மா டின், அதற்குள் இரண்டு சீட்டு. ஒன்றில் 'ஆம்', மற்றதில் 'இல்லை'. தலைப்பைச் சொன்னதும் பிள்ளைகள் டின்னுக்குள் கையை விட்டு எடுக்க வேண்டும். எது வருகிறதோ அதுதான் அவர்கள் பக்கம். "எனக்கு இதுல நம்பிக்கை இல்ல சார்" என்று யாராவது முனகினால், "நம்பிக்கைய லயத்து வீட்டுலயே வச்சிட்டு வா, இங்க நியாயத்த மட்டும் தேடு" என்பேன். இதை நானே மெச்சிக்கொண்டு பல வருடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த டின்னுக்குள் கைவிட்ட பிள்ளைகளில் லோஜினியைப் போல ஒருத்தி வரவில்லை. கொழுந்து பறிக்கிற மீனம்மாவின் மகள். ஒல்லியான பிள்ளை, ஆனால் மேடையில் ஏறினால் ஒலிவாங்கி தேவைப்படாது. ஒருநாள் 'பாடசாலை விதிகளில் விதிவிலக்குக் கொடுக்கலாமா?' என்பது தலைப்பு. அவளுக்கு 'இல்லை' விழுந்தது. உதட்டைப் பிதுக்கினாள். தினமும் பத்து நிமிடம் பிந்தி வந்து என்னிடம் விதிவிலக்குக் கேட்கிறவளே அவள்தான். இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு எழுந்தாள்.

"தேயிலை மலையில் ஒருவர் குறுக்கே நடந்தால் அது அவசரம். நாலு பேர் நடந்தால் அது பழக்கம். பழக்கம் பாதையாகிவிடும். பாதை விழுந்த இடத்தில் பிறகு தேயிலை வராது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்று இரவே அதை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். அந்த வருடக் கேடயத்தை எங்களுக்கு வாங்கித் தந்ததும் அதே வரிதான்.

ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பின் முதல் வருட நடுவில், பதினெட்டு முடிந்த கையோடு, லோஜினி கல்யாணம் முடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை வட்டவளையில் ஆட்டோ ஓட்டுகிற திலக்ஷன். விரும்பித்தான் முடித்தாள். கெட்ட பையன் என்று சொல்ல முடியாது. எனக்கு மட்டும் ஒரு கேடயம் கைதவறி விழுந்த மாதிரி கோபம். கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

இந்த வருடம் ஜனவரியில் அவள் என்னைத் தேடி வந்தாள். இடுப்பில் ஏழு மாதப் பெண் குழந்தை.

"சார், நான் திரும்ப ஸ்கூலுக்கு வரணும். நவம்பர்ல ஏ.எல். எழுதணும். கல்வியியற் கல்லூரிக்குப் போய் டீச்சராகணும் சார். அவரும் படின்னுதான் சொல்றாரு. பாப்பாவ பிள்ளை மடுவத்துல பாத்துக்கிறாங்க, அம்மா மத்தியானம் வந்து எடுத்துக்குவாங்க."

"வெளியில இருந்து தனியா எழுதலாமே?"

"எழுதலாம் சார். புவியியலும் அரசியலும் யாரு எனக்குச் சொல்லிக் குடுப்பா? ஹட்டன் டியூஷனுக்குப் போனா பஸ்ஸுக்கும் பீஸுக்குமே அவரு உழைக்கிறது சரியாயிரும். ஸ்கூல்ல சேத்தாத்தான் சார் எனக்குப் படிப்பு."

அதிபர் செல்வரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுசன், ஆனால் வில்லங்கம் என்றால் பத்தடி தள்ளி நிற்பவர். குழந்தை பெற்ற பிள்ளையை வகுப்பில் இருத்துவதா வேண்டாமா என்று தானே முடிவெடுக்க அவருக்குத் துணிவில்லை. பெப்ரவரியில் நடக்கிற பெற்றோர் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு விடலாம் என்றார்.

"மாஸ்டர், நீங்கள் ரெண்டு பக்கத்தையும் வடிவா எடுத்துச் சொல்லுங்கோ. பிறகு சனம் கையை உயர்த்தட்டும். நான் ஒண்டும் கதைக்க மாட்டன்."

கூட்டத்துக்கு முதல் நாள் லோஜினி வாசலில் நின்று கேட்டாள். "சார், நாளைக்கு எனக்காகப் பேசுவீங்கதானே?"

"நியாயமாப் பேசுவேன்" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. நான் சொன்னதை அவள் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த வாரம் ஆசிரியர் அறையில் ஜீவராணி டீச்சர் என்னைச் சீண்டியிருந்தார். "என்ன சார், ஒங்க செல்லப் புள்ளைக்காகத் தோட்டத்தையே கூட்டப் போறீங்களாமே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது முள்ளாகக் குத்தியபடியே இருந்தது. பாரபட்சம் பார்க்கிறவன் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது என்பதில் எனக்கு இருந்த கவனம், அந்தப் பிள்ளை படிக்க வேண்டும் என்பதில் இருக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆட்கள் நேரே வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் மண்டபத்துக்கு அரைச்சுவர்தான். உள்ளே பேசுவது வெளி வராந்தாவில் தெளிவாகக் கேட்கும். வராந்தா வாங்கில் குழந்தையோடு லோஜினி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். மீனம்மா உள்ளே, பின்வரிசையில், ஈரச் சால்வையோடு இருந்தாள்.

முதலில் சேர்க்க வேண்டும் என்ற பக்கத்தைப் பேசினேன். படிப்பு எல்லோருக்கும் உரிமை, கல்யாணம் குற்றமல்ல, தாய் படித்தால் பிள்ளை படிக்கும் என்றேன். எல்லாம் சரியான வார்த்தைகள்தான். ஆனால் வரவுப் பதிவேட்டை வாசிக்கிற குரலில் சொன்னேன். ஆறு நிமிடத்தில் முடிந்துவிட்டது. நாலைந்து பேர் கொட்டாவி விட்டார்கள்.

அடுத்தது மற்றப் பக்கம். அந்தப் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் தோட்டத்தில் பதினோராம் வகுப்பைத் தாண்டாத பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு தாயும் தகப்பனும் அந்தப் பயத்தோடுதான் பிள்ளையைப் படிக்க அனுப்புகிறார்கள். அந்தப் பயத்தை நான் தொட்டேன். 'கல்யாணம் முடித்தாலும் திரும்பி வந்து படிக்கலாம்' என்று ஒரு வழி இருந்தால், உங்கள் மகளை எதைச் சொல்லி நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். ஆட்கள் நிமிர்ந்தார்கள். முன்வரிசையில் அழகுமுத்து கண் கொட்டாமல் பார்த்தார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், அவருடைய இளையவள் பத்தாம் வகுப்பில் என்னிடம் படிக்கிறாள்.

சபை என் கைக்குள் வந்துவிட்டால் எனக்கு வேறொன்றும் ஞாபகம் இருக்காது. வாய் தானாகப் போயிற்று.

"நீங்க எல்லாரும் மலையில வேலை செய்றவங்க. ஒருத்தர் குறுக்கே நடந்தா அது அவசரம். நாலு பேர் நடந்தா அது பழக்கம். பழக்கம் பாதையாகிரும். பாதை விழுந்த எடத்துல பிறகு தேயிலை வருமா?"

கை தட்டினார்கள். நானும் ஒரு நொடி, கேவலம், சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகுதான் அது யாருடைய வரி என்று எனக்கு உறைத்தது. அரைச்சுவருக்கு அப்பால் பார்த்தேன். லோஜினி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கை மட்டும்தான் அசைந்தது.

வாக்கெடுப்பு நடந்தது. சேர்க்கலாம் என்று பதினேழு பேர், வேண்டாம் என்று இருபத்தாறு பேர் கை தூக்கினார்கள். ஆசிரியர்களுக்கும் வாக்கு உண்டு. நான் இரண்டுக்கும் தூக்கவில்லை. நடுவில் நிற்கிறவன் தூக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். நான் வெளியே வந்தபோது வாங்கு காலியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அழகுமுத்து குடையோடு பக்கத்தில் வந்தார்.

"சார், நான் வீட்டுல இருந்து வரும்போது அந்தப் புள்ளைய சேத்துக்கலாம்னுதான் நெனச்சுக்கிட்டு வந்தேன்."

"அப்புறம் ஏண்ணே?"

"என் மூத்தவ பதினொன்னோட நிறுத்திட்டுக் கல்யாணம்னு போயிட்டா இல்ல. கொஞ்ச நாள்லயே, தப்புப் பண்ணிட்டேன், திரும்பப் படிக்கணும்னு அழுதா. அப்ப இப்பிடி ஒரு வழி இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமேன்னு தோணுச்சு. நீங்க அந்தப் பாதை விசயத்தச் சொன்னதும் கை தானாத் தூக்கிருச்சு. நீங்க படிச்சவரு. நான் சரியாத்தானே சார் செஞ்சேன்?"

அவருக்கு ஒரு நேரான பதில் வேண்டியிருந்தது. ஒரு சொல் போதும்.

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, அண்ணே" என்றேன்.

"அப்பிடின்னா?" என்றார். பஸ் வந்துவிட்டது. நான் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. என் தமிழ்க் குறிப்புகளையும், புவியியல் ஆசிரியரிடம் கெஞ்சி வாங்கிய இரண்டு கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு மீனம்மாவின் லயத்து வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன்.

மீனம்மா என்னைக் கண்டதும் எழுந்து கதிரையைத் துடைத்துப் போட்டாள். "வாங்க சார், உக்காருங்க. தேத்தண்ணி போடுறேன்" என்று உள்ளே போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். லோஜினி குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"லோஜினி, வாரத்துல ரெண்டு நாள் நான் இங்கயே வந்து தமிழ் சொல்லித் தாரேன். இதுல புவியியலும் இருக்கு."

கொப்பிகளை வாங்கிப் புரட்டினாள். "வாங்கிக்கிறேன் சார். எனக்கு வேணும். வீம்புக்கு வேணாம்னு சொல்ல மாட்டேன்."

"நேத்து நான் பேசினது..."

"நல்லாப் பேசினீங்க சார்."

அவள் குரலில் குத்தல் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"அது ஒன்னோட வரின்னு நான் சொல்லிருக்கணும்" என்றேன். அந்த நேரத்திலும் வரியின் சொந்தக்காரர் யார் என்றுதான் எனக்குப் பேச வந்தது, பாருங்கள்.

லோஜினி துணியைக் கீழே வைத்தாள்.

"வரிய விடுங்க சார். எனக்கு ஒன்னே ஒன்னுதான் கேக்கணும். நான் அன்னைக்கு அதப் பேசினேன், ஏன்னா டின்னுக்குள்ள கைய விட்டப்ப எனக்கு அந்தச் சீட்டுதான் வந்துச்சு. நீங்க பேசச் சொன்னீங்க, பேசினேன். நேத்து ஒங்களுக்கு யாரு சார் சீட்டுக் குலுக்கினா?"

மீனம்மா தேத்தண்ணியோடு வந்தாள். ஒரு மடக்குக் குடித்தேன். குழந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து அதிபருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். முடிவை மறுபரிசீலனை செய்யும்படி கேட்கிற கடிதம். 'ஒருபுறம் பார்த்தால்' என்று தொடங்கியது பேனை. கிழித்தேன். அடுத்த தாளில் 'இரு தரப்பு நியாயங்களையும்' என்று வந்தது. அதையும் கிழித்தேன். என் கையே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஐந்தாவது தாளில்தான் நான் சொல்ல நினைத்தது வந்தது. லோஜினியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அன்றைய கூட்டத்தில் நான் பேசியது தவறு, அதை அதே பெற்றோர் முன்னால் எழுந்து சொல்ல நான் தயார். கீழே கையெழுத்து வைத்தேன்.

திங்கட்கிழமை அதிபர் அதை இரண்டு முறை வாசித்தார். அவருக்குப் பின்னால் அலுமாரியில் கேடயங்கள் இருந்தன. அன்று நான் எண்ணவில்லை.

"மாஸ்டர், மற்றப் பக்கத்தைக் காணேல்லையே?"

"அத அன்னைக்கே பேசிட்டேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பரிதாபமா கோபமா என்று தெரியவில்லை. கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

"சரி, இருக்கட்டும். பொதுக்கூட்டம் எடுத்த முடிவைப் பொதுக்கூட்டம்தான் மாத்தலாம். அடுத்ததில எடுப்பம்."

அடுத்த பொதுக்கூட்டம் வருகிற வருடம் பெப்ரவரியில். லோஜினியின் பரீட்சை இந்த நவம்பரில்.