கடலைப் பார்த்த தொழுகை

றம்ஸீன் சேரின் வாய்க்குப் பயப்படாத சித்திரக்காரர் கல்முனையில் இல்லை. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த பின், ரியூசன் வகுப்பு மண்டபமொன்றில் கூடுவார்கள். படம் கொண்டுவந்தவர் முன்கதிரையில் அமர்ந்து வாய் திறக்காமல் இருக்க வேண்டும். மற்றவர்கள் குறை நிறை சொல்ல வேண்டும். அதுதான் அவர்கள் வைத்த ஒழுங்கு. குறையெல்லாம் சேர் சொல்லி முடிப்பார். நிறை சொல்ல யாருக்கும் நேரம் மிஞ்சாது.

அஸ்பியா ஒருமுறை மீன் வெட்டும் பெண்ணை வரைந்து கொண்டுவந்தாள். "இது கையா, வாழைப்பழச் சீப்பா?" என்றார் சேர். மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு அவள் மனிதரை வரையவில்லை, பூக்களோடு நின்றுகொண்டாள். கெட்ட மனுசன் என்று சொல்ல முடியாது. கண்டித்தால்தான் கை திருந்தும் என்று மனதார நம்பியவர்.

அவரும் ஒரு படம் கொண்டுவந்தார். கடற்கரையில் பெருநாள் தொழுகை. வரிசை வரிசையாக வெள்ளைத் தொப்பிகள், அவற்றுக்கு முன்னால் நீலக் கடல். போனில் கண்ட ஏதோ வெளிநாட்டுப் படத்தின் அமைப்பு அவர் மனதில் ஒட்டிக்கொண்டு அப்படியே வந்துவிட்டது. முன்கதிரையில் இருந்தார். "மாஷா அல்லாஹ்" என்றார்கள். எல்லாருமே அதைத்தான் சொன்னார்கள். சேருக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அவர்கள் வைக்கவிருந்த கண்காட்சியின் அழைப்பிதழ் முகப்பிலும் அந்தப் படமே ஏறியது.

கண்காட்சிக்கு முந்திய நாள் படங்களை மாட்டிக்கொண்டிருக்கும்போது பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. சேர் கடற்கரையோரப் பள்ளிவாசலுக்குப் போனார். தக்பீர் கட்டித் தொழ நின்றவருக்குக் கடல் இரைவது கேட்டது. முதுகுக்குப் பின்னால்.

பிறந்ததிலிருந்து அங்கேதான் கேட்கிறது. இந்தக் கரையில் கடல் கிழக்கே, தொழும் திசையான கிப்லா மேற்கே. கடலைப் பார்த்து நிற்கிறவன் கஃபாவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். அவர் ஓர் ஊரையே அப்படி நிறுத்தி, அழைப்பிதழில் அடித்து, பள்ளி நிருவாகம் வரைக்கும் அனுப்பிவிட்டார். மீதித் தொழுகையில் என்ன ஓதினார் என்று அவருக்கே தெரியாது. வெட்கத்தில் காது இரண்டும் சுட்டன.

திரும்பி வந்து அஸ்பியாவிடம் போனார்.

"புள்ள, என்ட படத்துல பிழ ஒண்டும் காணல்லயா?"

அவள் தரையைப் பார்த்தாள். "கண்டன் சேர். அண்டைக்கே எல்லாரும் கண்டம்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"ஆரு சேர் உங்களுக்குச் சொல்ற?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். அவள் உண்மையாகவே கேட்டாள். பக்கத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்த திருக்கோவில் ஊர்த் துசாந், காதில் விழாதவன்போல இன்னும் ஓங்கி அடித்தான். ஆக, முஸ்லிம் அல்லாத அவனுக்கும் தெரிந்திருக்கிறது. பிழையைவிட அதுதான் சேரைக் கூனிக் குறுக வைத்தது.

படத்தை மரச்சட்டப் பிறேமோடு கழற்றிச் சுவரில் சாய்த்தார். ஒரு கதிரையை இழுத்து அதன் பக்கத்தில் போட்டார்.

"எல்லாரும் வாங்க. நான் வாய் துறக்கமாட்டன். மனசுல உள்ளதச் சொல்லுங்க. ஏசுறெண்டாலும் ஏசுங்க."

வந்து சுற்றி நின்றார்கள். சேர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒருத்தராவது சிரித்துவிட்டால் நெஞ்சுப் பாரம் இறங்கும் போலிருந்தது. அஸ்பியா துசாந்தைப் பார்த்தாள். துசாந் சுத்தியலைப் பார்த்தான். பிறகு மெல்லத் தொண்டையைச் செருமினான்.

"பிறேம் நல்லா இரிக்கு சேர்," என்றான்.