சந்தனம் பூசிய கம்பி

பன்வில தோட்டத்து ஃபெக்டரியில் பேச்சியம்மாவை யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் அவர்களைப் பிடிக்காது, கணக்குச் சரி. அதே தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்தவள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியர் படிப்பை முடித்து, தேயிலை காயவைக்கும் உலர்த்தியின் சூட்டைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் கருவியோடு வந்து நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அந்த மலைப்பக்கம் அதுவரை அப்படியொன்றைக் கண்டதில்லை. தூளின் பதத்தை மோந்தே சொல்லும் டீமேக்கர் ராஜலிங்கம் அவள் காதுபடவே லயத்துக் குட்டி என்றார். அவளும் சளைத்தவளா? உங்கள் மூக்கை நம்பித்தானே இத்தனை வருஷம் தூள் கருகியது என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

அவள் பக்கம் நின்றது ஒரேயொரு ஆள், உலர்த்தியின் அடுப்புக்கு விறகு போடும் கறுப்பையா. அவளுடைய அப்பா.

கொழும்பிலிருந்து கம்பனிப் பெரியவர்கள் கருவியைப் பார்க்க வந்தது ஆயுத பூசைக்கு மறுநாள். அவர்களுக்குப் பிடித்தால் அது எல்லாத் தோட்டத்துக்கும் போகும். பிடிக்காவிட்டால் கழற்றி எறிவார்கள். அவளுடைய இளமையும் அதோடு குப்பைக்குப் போகும்.

வந்தவர்கள் கண்ணெதிரே தூள் கரியாக வந்து கொட்டியது. ராஜலிங்கம் சிரிப்பை மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. கழற்று இந்தச் சனியனை என்று தோட்டத்து மனேஜர் தொரை கத்தினார். பேச்சியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, குழாய்க்குள் நின்று சூட்டை அளக்கும் கம்பியை உருவினாள்.

கம்பி முழுக்கக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். சூடு கம்பிக்கு எட்டவில்லை. கருவியோ இன்னும் போதாது, இன்னும் போதாது என்று நெருப்பைக் கூட்டியிருக்கிறது. பூசையில் ஆயுதங்களுக்குப் பொட்டு வைப்பது கறுப்பையா. மற்றதுக்கெல்லாம் விரலால் தொட்டு வைத்தவர், மகள் செய்த ஆயுதத்துக்கு மட்டும் கம்பியை வெளியே உருவிக் கை நிறைய அள்ளி அப்பியிருக்கிறார், பாவி மனுஷன்.

யார் வேலை இது என்று தொரை கேட்டார். கறுப்பையா மகளைப் பார்த்தார். வயர் பிழை என்று சொல்லியிருக்கலாம். அப்பா பிழைத்திருப்பார், கருவி போயிருக்கும். ராஜலிங்கம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே அவள் தொரைக்குப் பதில் சொன்னாள்.

"மெசின்ல ஒரு பிழையும் இல்ல சேர். அறிவில்லாம இத அப்பினது அடுப்புக்கார கறுப்பையா."

அப்பா என்று சொல்லவில்லை. நாக்கு அவ்வளவு பத்திரமாக நடந்துகொண்டது.

கம்பியைத் துடைத்துப் போட்டதும் கருவி பொன்னாக ஓடியது. அன்றே கறுப்பையாவுக்கு வேலை போயிற்று. வத்தேகமப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் அவள் கருவி போயிற்று. அவளுக்குக் கம்பனி ஜீப்பும் வந்தது.

அந்த ஜீப்பில்தான் ஒருநாள் லயத்துக்குப் போனாள். கறுப்பையா வாசலிலேயே தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"ஒக்காருங்க, இன்ஜினியரம்மா."

"அப்பா, என்னைய நாலு வார்த்த ஏசுங்க. இப்பிடிப் பேசாதீங்க."

"பெரியவங்கள ஏசுறதுக்கு எங்களுக்கு ஏதுங்க வாயி?"

அவள் அழுதாள், கெஞ்சினாள், கோபத்தில் கத்தியும் பார்த்தாள். அவள் எழுந்து போகும்வரை அவர் கைகட்டி நின்றுகொண்டேயிருந்தார்.